மலைமேல் முதல் ஹாரன்

மொரப்பூரில் சவரியைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் அவன் மீனைச் சொல்வார்கள், அடுத்து அவன் கோபத்தைச் சொல்வார்கள். நாற்பத்து நாலு வயதில் அவன் சேர்த்துவைத்த பேர் இந்த இரண்டும்தான். புதனும் ஞாயிறும் ஒகேனக்கல் பக்கமிருந்து வரும் வேனில் மீன் எடுப்பான். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு அடுக்கி, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு, அரூர் வழியாகச் சித்தேரி மலை ஏறுவான். இதற்காகவே ஞாயிற்றுப் பூசையைச் சனிக்கிழமை சாயங்காலமே முடித்துவிடுவான். பங்குச் சாமியாரோடும் அதில் ஒரு தகராறு உண்டு.

மலையில் மீன் வியாபாரத்துக்கு ஒரே ஒரு சட்டம். முதல் ஹாரன் யாருடையதோ அவனுக்குத்தான் ஊர். பெண்கள் சட்டியோடு வெளியே வந்துவிட்டால் இரண்டாவது ஆளுக்காகக் காத்திருக்க மாட்டார்கள். செவுளைத் தூக்கி முகர்ந்து பார்த்து, பேரம் பேசி, வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பின்னால் வருகிறவன் ஐஸ் தண்ணீரைச் சுமந்துகொண்டு கீழே இறங்க வேண்டியதுதான்.

பதினைந்து வருஷம் முதல் ஹாரன் சவரியுடையது. போன வருஷம் நவநீதன் என்றொருவன் அரூரிலிருந்து புது வண்டியில் மீன் கொண்டுவர ஆரம்பித்தான். ஆள் பேச்சில் வெல்லம். சவரியைக் கண்டால் வண்டியை ஓரங்கட்டி, "வாங்கண்ணா, போங்கண்ணா" என்பான். அந்த மரியாதையைக் கேட்டாலே சவரிக்கு உடம்பெல்லாம் எரியும். போதாக்குறைக்கு சவரியின் வண்டிக்கு இழுவை குறைந்துகொண்டே வந்தது. மேல் வளைவுகளில் பெட்டியோடு ஏறும்போது நவநீதன் கையை ஆட்டிவிட்டுத் தாண்டிப் போனான்.

போன புதன்கிழமை குள்ளம்மாளும் சொல்லிவிட்டாள். சித்தேரியில் சவரியின் முதல் வாடிக்கை அவள்தான். பதினைந்து வருஷத்தில் ஒருநாள்கூட அவள் அவன் மீனை முகர்ந்து பார்த்ததில்லை. "சவரி மீன எதுக்கு மோந்து பாக்கணும்" என்று சட்டியை நீட்டுவாள். அதைப் பார்த்துத்தான் பக்கத்து வீடுகளும் அவனிடம் வாங்கின.

"ஞாயித்துக்கெழம எம்பொண்ணப் பாக்க மாப்ள வூட்டுக்காரங்க வர்றாங்க," என்றாள். "நாலு கிலோ கட்லா வேணும். வெள்ளனே வந்துரு. இந்தத் தடவயும் நவநீதன் முன்னால வந்தான்னா அவங்கிட்டயே வாங்கிக்குவேன். அப்புறம் கோவிச்சுக்காத."

குள்ளம்மாள் வீடு போனால் அந்தத் தெருவே போகும். சவரிக்கு அது தெரியும்.

வண்டிக்கு என்ன என்று கேட்க அவனுக்கு ஆள் இல்லாமல் இல்லை. மனைவி ரோசம்மாவின் தம்பி இனிகோ அரூரில் ஒர்க் ஷாப் வைத்திருக்கிறான். போகும் வழியிலேயே இருக்கிறது. ஆனால் நாலு வருஷமாக இருவருக்கும் பேச்சு இல்லை. மகள் பிளசி கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில் சமையல்கட்டில் கேஸ் சிலிண்டர் ஒழுகியது. வந்தவர்களெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓட, சவரி அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து பீடிக்குத் தீக்குச்சியை எடுத்தான். இனிகோ பாய்ந்து தீப்பெட்டியைப் பிடுங்கினான். பிடுங்கியதோடு விட்டிருக்கலாம். "மாமாவுக்கு மீனு வித்து வித்து மூக்கு செத்துப்போச்சு" என்று சபை நடுவில் சொல்லிவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். உயிரைக் காப்பாற்றியவனைச் சவரி அன்றோடு தலைமுழுகினான்.

இனிகோ சொன்னது உண்மை என்பதுதான் பெரிய ரோதனை. சவரிக்கு வாசனை தெரிந்து வருஷக்கணக்காகிறது. மீனின் கண்ணைப் பார்த்தும், விரலால் அழுத்தியும்தான் தரம் பிரிப்பான். அதை யாரிடமும் சொன்னதில்லை.

ஆகவே சனிக்கிழமை காலையில், மச்சான் கடை வாசலை வேண்டுமென்றே திரும்பிப் பாராமல், சேலத்துக்கு வண்டியை விட்டான். அங்கே வண்டிக்குச் சாமான் மாட்டும் கடை வைத்திருந்த பிரபாகர் மூன்று வழி சொன்னான். ஒன்று, விரல் நீளத் துண்டு; சென்சாரை ஏமாற்றிக் கொஞ்சம் பெட்ரோல் கூட்டும், அவ்வளவுதான். இரண்டு, திருகு வைத்த சின்னப் பெட்டி. எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்று நாமே கூட்டிக் குறைக்கலாம். மூன்று, லேப்டாப்பைப் போட்டு வண்டியின் மூளையையே மாற்றி எழுதுவது.

"மூணாவதுதாங்க சரியா வரும்," என்றான் பிரபாகர். "ஆனா நீங்க எங்க ஓட்டறீங்க, எவ்ளோ லோடு ஏத்தறீங்கன்னு தெரியணும். லோடோட வண்டிய ரெண்டு நாள் விடணும்."

"ரோட்டுல ஓட்டறேன்," என்றான் சவரி.

"மலை ஏதாச்சும் ஏறுதுங்களா?"

"சாமானம் விக்கறயா, பொண்ணு பாக்கறயா? எதுக்கு இத்தன கேள்வி?"

மீன் என்று சொன்னால் இவனும் மூக்கைச் சுளிப்பான் என்று சவரிக்கு ஓர் எண்ணம். ரெண்டு நாள் வண்டியை விட்டால் ஞாயிறு போய்விடும். திருகுப் பெட்டியையே மாட்டச் சொன்னான். கூடவே ஒரு கட்டை சைலன்சரும் தள்ளுபடியில் வந்தது. பழைய சைலன்சர் புகையைப் பின்சக்கரம் தாண்டிக் கொண்டுபோய் விடும். இது பாதியிலேயே, மீன் பெட்டி உட்காரும் இடத்துக்கு நேர் கீழே முடிந்தது. ஐஸ் தண்ணீர் வடிய அந்தப் பெட்டியின் அடியில் ஓட்டை இருப்பதைப் பிரபாகர் எப்படி அறிவான்? அறிந்தவனோ வாய் திறக்கவில்லை. திருகைப் பாதியில் வைத்துத் தந்ததைச் சவரி கடைத்தெரு தாண்டியதும் நிறுத்தி முழுதாகத் திருகினான். திரும்பி வரும் தார் ரோட்டில், காலிச் சீட்டோடு, வண்டி பறந்தது.

வீட்டு வாசலில் ரோசம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். "ஏங்க, வூடு பூரா பெட்ரோல் வாசம் அடிக்குதே. எங்கனா ஒழுகுதா பாருங்க."

"ஒந்தம்பி சொல்லிக் குடுத்தானா?"

"எந்தம்பி பேச்சு இப்ப எதுக்கு? எம்மூக்குக்குத் தெரியுது, சொல்றேன்."

"அக்காளுக்கும் தம்பிக்கும் மூக்கு ரொம்ப நீளம். போய் சோத்தப் போடு."

அவள் சோற்றைப் போட்டாள். தட்டை வைத்த சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டது.

மறுநாள் சவரி வழக்கத்தைவிட முக்கால் மணி நேரம் முன்னதாகவே புறப்பட்டான். கீழ் வளைவுகளில் வண்டி உறுமிக்கொண்டு ஏறியது. மேல் வளைவுகளில் இருமியது, கறுப்பாகப் புகை கக்கியது. அவன் முறுக்கிக்கொண்டே இருந்தான். ஊருக்குள் நுழைந்தபோது நவநீதனைக் காணோம். அதற்குக் காரணம் திருகுப் பெட்டிதான் என்று நம்பினான். முன்னதாகக் கிளம்பியதை மறந்தே போனான். ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் ஹாரன் அவனுடையது. வேண்டிய அளவுக்கு மேலேயே அடித்தான்.

குள்ளம்மாள் பட்டுப்புடவையில் வந்தாள். முகம் மலர்ந்திருந்தது. "பரவால்லயே, சொன்னபடி வந்துட்டியே" என்று சட்டியை நீட்டினாள். சவரி மூடியைத் திறந்து நாலு கிலோ கட்லாவை நிறுத்துக் கொட்டினான். கண் பளிச்சென்று இருந்தது, விரலுக்குக் கெட்டியாக இருந்தது. முதல்தரமான மீன். அவள் சட்டியைத் தூக்கிக்கொண்டு நாலடி நடந்தாள். நின்றாள். குனிந்து சட்டிக்குள் முகர்ந்தாள்.

"என்னா சவரி இது? மீனுல பெட்ரோல் நாத்தம் அடிக்குது."

"காலைல புடிச்ச மீனு, அக்கா. கண்ணப் பாரு."

"கண்ணயா கொழம்பு வெக்கறாங்க?" அடுத்த வீட்டுக்காரியைக் கூப்பிட்டாள். அவள் முகர்ந்து முகத்தைத் திருப்பினாள். அதற்குள் ஏழெட்டுப் பேர் பெட்டியைச் சூழ்ந்துவிட்டார்கள். எல்லோரும் முகர்ந்தார்கள். சவரி ஒரு மீனை எடுத்து மூக்கருகே வைத்து இழுத்து இழுத்துப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. பொய் சொல்கிறார்களா, நவநீதன் காசு கொடுத்துப் பேச வைத்தானா என்றுகூட ஒரு கணம் நினைத்தான். பிறகு ரோசம்மா மூக்கை மூடியது நினைவுக்கு வந்தது.

"சம்பந்தி வூட்டு முன்னால என் மானத்த வாங்கப் பாத்தியா?" என்றாள் குள்ளம்மாள். சட்டியை அவன் பெட்டியிலேயே கவிழ்த்தாள். அப்போது கீழ்வளைவில் நவநீதனின் ஹாரன் கேட்டது.

நவநீதன் சிரிக்கவில்லை. "என்னாங்கண்ணா ஆச்சு?" என்றுதான் கேட்டான். சிரித்திருந்தால் சவரி அவனை அடித்திருப்பான், மனசும் ஆறியிருக்கும்.

விற்காத மீனோடு இறங்கும்போது அரூர் எல்லையில் வண்டி நின்றுவிட்டது. எத்தனை உதைத்தும் பலனில்லை. ஞாயிற்றுக்கிழமை, எந்தக் கடையும் திறந்திருக்கவில்லை. இனிகோவின் வீடு மட்டும் ஒர்க் ஷாப்புக்குப் பின்னாலேயே இருந்தது. சவரி தள்ளிக்கொண்டு போய் வாசலில் நிறுத்தினான். கூப்பிடவில்லை. இனிகோ தானாகவே வெளியே வந்து, ஒரு தடவை மூச்சை இழுத்தான். எல்லாம் அவனுக்குப் புரிந்துவிட்டது.

பிளக்கைக் கழற்றினான்; கரி அப்பியிருந்தது. ஏர் ஃபில்டரை எடுத்துத் தரையில் தட்டினான். மலை ரோட்டுப் புழுதி ஒரு கைப்பிடி கொட்டியது.

"மூச்சு அடச்சுக் கெடந்திருக்குது மாமா, அதான் இழுக்கல. அதுக்குப் போயி இன்னும் சோத்தத் திணிச்சிருக்கீங்க. எரியாத பெட்ரோலு பொகையோட பெட்டி ஓட்டை வழியா மீனுல ஏறிடுச்சு."

"வேலயப் பாரு. வெளக்கம் கேக்கல."

இனிகோ வேலையைப் பார்த்தான். திருகுப் பெட்டியையும் கட்டை சைலன்சரையும் கழற்றி, கடையில் கிடந்த பழைய சைலன்சர் ஒன்றை மாட்டினான். மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நாலு வருஷத்துப் பாக்கியையும் சேர்த்துத் திட்டித் தீர்த்திருக்கலாம். அந்த வாய்ப்பையும் பாவி கொடுக்கவில்லை. சவரி காசைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு, நன்றி சொல்லாமல் கிளம்பினான்.

புதன்கிழமை காலையில் புதுத் தெர்மாகோல் பெட்டியில் மீனை அடுக்கி முடித்து, ரோசம்மாவின் முன்னால் கொண்டுவந்து வைத்தான். "மரம் மாதிரி நிக்காத. மோந்து பாரு," என்று அதட்டினான். அவள் குனிந்து முகர்ந்து, "ஒண்ணுமில்லீங்க, போங்க" என்றாள்.

வண்டி பழையபடி இழுத்தது. மலையில் முதல் ஹாரன் அவனுடையதாக இருந்தது. குள்ளம்மாள் வெகுநேரம் கழித்து வெளியே வந்தாள். மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண் பிடித்துவிட்டதாம். அதை அடுத்த வீட்டுக்காரி சொல்லித்தான் சவரி தெரிந்துகொண்டான். குள்ளம்மாள் ஒரு கிலோ மட்டும் கேட்டாள். அவன் நிறுத்தான். அவள் சட்டியை நீட்டவில்லை. தராசிலிருந்தே ஒவ்வொரு மீனாக எடுத்து, செவுளைத் தூக்கி, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் சட்டியில் போட்டாள். பதினைந்து வருஷத்தில் முதல் தடவை. சவரி தராசைப் பிடித்துக்கொண்டு, அவள் முகர்ந்து முடிக்கும்வரை தலை குனிந்து நின்றான்.