எதிரே வராத வண்டி

எதிரே எந்த வண்டியும் வரவில்லை. காவலரிடமும் என் மனைவி வித்யாவிடமும் நான் சொன்னது பொய். நீங்கள் என்னை நம்ப வேண்டியதில்லை... நானே யாரையும் நம்பாதவன்தான்!

கார் வாங்கிய நாளிலிருந்து சொல்கிறேன். ஏறக்குறைய ஒரே விலையில் இரண்டு கார்கள். ஒன்றில் நல்ல எல்.இ.டி. ஹெட்லைட். மற்றதில் மேற்கூரை திறக்கும், ஹெட்லைட்தான் மங்கல். வித்யாவின் அண்ணன் முரளி நங்கநல்லூரிலிருந்து வந்து இரண்டையும் பார்த்தார்.

“மாப்ள, இருட்டினப்புறம் ஒரு தடவ ஓட்டிப் பாருங்க. பகல்ல எல்லா லைட்டும் நல்லாத்தான் தெரியும். குழந்தைய ஏத்திக்கிட்டுப் போற வண்டி... லைட்டு நல்லா இருக்கறதையே எடுங்க.”

இவருக்கு ஏன் இத்தனை அக்கறை? விற்பனையாளரோடு ஓரமாக நின்று எதற்குச் சிரித்தார்? அன்றே வித்யாவிடம் சொன்னேன்: “உங்க அண்ணன் இதுல கமிஷன் பாக்கறார்.” ஆதாரம்? ஒன்றுமே இல்லை! ஆனாலும் கண்ணால் கண்டவனைப் போலச் சொன்னேன். வித்யா நம்பினாள், அண்ணனிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். நான் கூரை திறக்கும் காரை வாங்கினேன்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு மாலை. பெருங்குடி அலுவலகத்திலிருந்து மயிலாப்பூருக்குத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். அடையாற்றில் மின்சாரம் இல்லை, தெருவிளக்குகள் அணைந்திருந்தன. நனைந்த சாலையில் என் ஹெட்லைட் வெளிச்சம் இருந்த இடமே தெரியவில்லை. வேகத்தைக் குறைத்தேனா? இல்லை... தெரிந்தேதான் போனேன்.

ஒரு குடை தெரிந்தது. அதற்குள் இடித்துவிட்டேன்.

அவர் பெயர் கஸ்தூரி. ஒரு மெஸ்ஸில் சமையல் வேலை. கால் முறிந்துவிட்டது. மருத்துவமனையில், வலியோடு, காவலரிடம் சொன்னார்: “நா பாத்துகினு தான் சார் எறங்கினேன். இந்தாளு வண்டில வெளிச்சமே தெர்ல.”

நான் குறுக்கிட்டேன். “எதிர்ல ஒரு கார் ஹை பீம்ல வந்துச்சு சார். கண்ணு கூசிடுச்சு. இவங்க திடீர்னு குறுக்க ஓடி வந்தாங்க.”

காவலர் யாரை நம்பினார் என்று சொல்லவும் வேண்டுமா?

முதலில் ஓடி வந்தவர் முரளிதான். கஸ்தூரியின் கணவருக்குக் காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “அந்த ரோட்டுல நடுவுல உசரமா தடுப்பு இருக்கே மாப்ள... அதத் தாண்டியா கண்ணு கூசுச்சு?”

“கூசுச்சு” என்றேன்.

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? தெரிந்துகொண்டாரா? யாரிடமாவது சொல்லிவிட்டாரா? அன்று தொடங்கிய சந்தேகம் இன்னும் ஓயவில்லை. அவர் தும்மினால்கூட உள்ளர்த்தம் தேடுகிறேன்!

கஸ்தூரி இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறாராம். மெஸ்ஸில் வேறு ஆள் வைத்துவிட்டார்களாம். நான் போய்ப் பார்க்கவில்லை... பார்த்தால் என்ன சொல்வேன்?

போன ஞாயிற்றுக்கிழமை என் மகளின் பிறந்தநாள். முரளி ஒரு பொம்மைப் பெட்டியோடு வாசலில் நின்றார். வித்யா பெட்டியை வாங்கிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விட்டாள். அந்தக் கமிஷன் கதையை அவள் இன்னும் நம்புகிறாள்.

“உள்ள வாங்க மச்சான்” என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அது இரக்கமா? எச்சரிக்கையா?

“வேலை இருக்கு மாப்ள, கெளம்பறேன்” என்றார், யாரும் உள்ளே அழைக்காமலே.

லிஃப்ட் கீழே இறங்கும் ஓசை கேட்டது. அது நிற்கும் வரை காத்திருந்தேன்... பிறகு கதவைத் தாழிட்டேன்.