முகம் காட்டாத கொலைகாரனும் என் லீவும்

வீடியோ கடையில் படம் எடுத்தவனை யாரும் திட்டமாட்டார்கள். எடுத்துக் கொடுத்தவனைத்தான் திட்டுவார்கள். அடுத்தவன் செய்த பாவத்துக்குக் கவுண்டரில் நின்று வசவு வாங்கிய என் இனமே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

அட்டையில் துப்பாக்கி

ஷார்ஜா தொழில்பேட்டையில் கீழக்கரை ஹாஜியார் ஒருவரின் டிவிடி வாடகைக் கடை. எடுபிடியிலிருந்து மேனேஜர் வரை நான்தான். மொத்த வியாபாரக் கடையில் ஒரு நாள் அட்டையில் துப்பாக்கியைப் பார்த்து, சண்டைப் படம் என்று அதிலேயே பன்னிரண்டு டிவிடியை அள்ளிக்கொண்டு வந்தேன். போட்டுப் பார்த்தால் டாக்குமெண்டரி! போதைமருந்துக் கும்பலுக்காகக் கொலை செய்த ஒருத்தன், இருட்டில் முகத்தை மறைத்துக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் பேசுகிறான். அவ்வளவுதான் படம்.

எனக்கு அடுத்த மாதம் லீவு. ஊரில் மகள் பிறந்து எட்டு மாதம். போட்டோவில் பார்த்ததோடு சரி. தூக்கிப் பார்க்கமாட்டோமா என்று கை பரபரக்கிறது. பாஸ்போர்ட்டோ ஹாஜியாரின் பெட்டியில். பன்னிரண்டு டிவிடி வீண் என்று தெரிந்தும் அவர் கோபமே படவில்லை. "ஒரே ஒரு கஸ்டமர் இதை நல்ல படம்னு சொல்லட்டும் தம்பி, அன்னைக்கே பாஸ்போர்ட்டைத் தர்றேன்" என்றார்.

நாற்காலி

முதல் பலி, பக்கத்து கராஜ் மெக்கானிக். மன்னார்குடிக்காரர். வியாழக்கிழமை சாயந்திரம் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்து ஆசையாக வாங்கிப் போனார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து கடை திறந்தபோது வாசலில் நின்றார். "ஹீரோ எப்பதான்யா எந்திரிப்பான்? அவன் உட்கார்ந்ததுல எனக்குக் கால் மரத்துப்போச்சு!"

பிரிண்ட் கோளாறு

அடுத்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு கம்பெனியில் கணக்குப் பார்ப்பவர். தியேட்டரில் ஒளித்து எடுத்த திருட்டு பிரிண்டுகளாகவே பார்த்துப் பழகிய கண். முகம் இருட்டாக இருந்தால் பிரிண்ட் கோளாறு என்று திருப்பித் தருவது அவர் வழக்கம். அவன் முகமே அப்படித்தான் என்று எப்படிச் சொல்வேன்? வேறு டிவிடி கொடுத்தேன். அதுவும் வந்தது. மூன்றாவது, நான்காவது. கடைசியில் என் மேல் இரக்கப்பட்டுவிட்டார். "நாலிலையும் முகம் தெரியேல்லை தம்பி. உங்களை ஆரோ நல்லா ஏமாத்திப் போட்டாங்கள்."

முழுசாகப் பார்த்தவர்

தொழிலாளர் கேம்பிலிருந்து ஒரு வெல்டர், கடலூர்க்காரர். ரூமில் எட்டுப் பேர், ஆங்கிலம் தெரிந்த ஒருவர் சொல்லச் சொல்ல, கடைசிவரை பார்த்தார்களாம். என் வயிற்றில் பால் வார்த்த மகராசன்! ஹாஜியார் காதில் விழும்படி, "நல்ல படம்தானே அண்ணே?" என்று எடுத்துக் கொடுத்தேன்.

"என்னத்த நல்ல படம்? வேலைய விட்டுப் போறேங்கிறான், முதலாளி விடமாட்டேங்கிறான். இதைப் பார்க்க டிவிடி எதுக்கு, எங்க கேம்புக்கு வாங்க!"

ஹாஜியாரின் விமர்சனம்

அதைக் கேட்ட ஹாஜியார் தானே ஒரு டிவிடியை வீட்டுக்கு எடுத்துப் போனார். மறுநாள் கண் கலங்க வந்தார். "நல்ல படம் தம்பி. அந்த முதலாளிதான் பாவம். சோறு போட்டு, தொழில் பழக்கி வச்சா, சொல்லாமக் கொள்ளாம ஓடிட்டானே, நன்றி கெட்ட பய!"

நல்ல படம் என்று அவர் வாயாலேயே வந்துவிட்டதே! பாஸ்போர்ட்டுக்குக் கையை நீட்டினேன்.

"நான் கஸ்டமரா தம்பி?" என்றார்.

கொலைகாரன் ஒரே ராத்திரியில் முதலாளியை விட்டுத் தப்பித்தான். எனக்கு இன்னும் ஏழு மாதம் பிடித்தது, அதற்குள் நடக்கப் பழகியிருந்த என் மகள் என்னைக் கண்டதும் அலறிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.