சேது தீர்த்தமும் ஒரு சொம்புக் காவேரியும்

அறுபதுகளின் நடுவில் ஒரு தை மாதம், நான் படித்த கல்லூரியின் விலங்கியல் மேடம் என்னிடம் மூன்று பொருள்களைக் கொடுத்தார். ஒரு வாளிக் கடல்நீருக்குள் கைமுஷ்டி அளவில் உயிருள்ள பவளம். இன்னொரு வாளியில், சிறு கல்லைப் பற்றிக்கொண்டிருந்த கடற்சாமந்தி, பூ மாதிரி விரல்களை விரிக்கும் கடல் பிராணி. மூன்றாவது, மூடி போட்ட காலிக் கண்ணாடி ஜாடி. அதன்மேல் ஏற்கெனவே லேபிள் ஒட்டியிருந்தது. இரண்டு உயிர்களின் பெயர்களும், மண்டபம் கடற்கரை என்று எடுத்த இடமும் மேடத்தின் கையெழுத்தில் இருந்தன. தேதிக்கான இடத்தை மட்டும் விட்டிருந்தார்.

“செத்ததும் கெடாம இருக்க இந்த ஜாடியில பார்மலின்ல போட்டு, காலேஜ் மியூசியத்துக்குக் கொண்டுவந்துடு. தேதியை நீயே எழுதிக்கோ. ரெண்டும் ஒரே தொட்டியில இருக்காது. சாமந்தி நகர்ந்து போய்ப் பவளத்தைக் கொட்டிடும். திருச்சி வெயில் வேற. ஒரு மாசம் தாங்கினா அதிகம்.”

கேலியாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு வருடமும் மாணவிகள் மண்டபத்திலிருந்து கொண்டுவந்தவை ஆய்வகத் தொட்டியில் இரண்டு வாரம் தாண்டியதில்லை. அந்த ஆய்வகத்தில் நானும் ஒரு வருடம் வேலை பார்த்தவள்தான். குழந்தை பிறந்ததும் விட்டுவிட்டேன். படித்ததெல்லாம் பாலாடையும் கஷாயமுமாகக் கரைந்துபோகிறதே என்ற பயத்தில்தான் இவற்றை நானே கேட்டு வாங்கினேன். அந்த லேபிளில் தேதி எழுதக் கூடாது. என் ஆசை அவ்வளவுதான்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில், முற்றத்து வெயில் விழும் ஓரத்தில் தொட்டியை வைத்தோம். என் கணவருக்கு ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை. அவருக்குத் தெரிந்த ரயில் கார்டு ஒருவர் பீங்கான் ஊறுகாய் ஜாடிகளில் மண்டபத்துக் கடல்நீரைக் கொண்டுவந்து இறக்குவார். காற்றுக்கு ஒரு சின்ன மின்சாரப் பம்ப். கரண்ட் போனால் இருக்கட்டும் என்று என் கணவர் பழைய லாரி டியூபில் காற்றடைத்து, மெல்லிய ரப்பர் குழாய் பொருத்தித் தந்தார். பவளத்தை வலது மூலையிலும் சாமந்தியை இடது மூலையிலும் வைத்து, நடுவே கற்களை அடுக்கினேன். சாமந்தி எவ்வளவு நகர்கிறது என்று தெரிய, தினமும் காலையில் கண்ணாடியின் வெளிப்புறம் பென்சிலால் கோடு போட்டேன்.

என் மாமியார் முதல் நாளே தொட்டி முன்னால் வந்து நின்றார்.

“சாமந்திப்பூங்கறே. இது என்னடி சாப்பிடும்?”

மேடம் சொன்னது இறால் துண்டு. எங்கள் ஆத்தில் அந்த வார்த்தையைக்கூடச் சொல்ல முடியாது. “கொசுப்புழும்மா. கிணத்தடித் தொட்டியில நிறைய இருக்கு,” என்றேன்.

“நல்லதாப் போச்சு. நம்மைக் கடிக்கறதுக்கு முன்னாடி இது சாப்பிடட்டும்.” கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “தண்ணி எங்கேர்ந்து வந்தது?” என்றார்.

“மண்டபத்துலேர்ந்து.”

“அப்போ சேது தீர்த்தம்னு சொல்லு,” என்று கைகூப்பினார்.

அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு மாதம் கடந்தது. மாசியில் பவளத்தின் பசும்பழுப்புச் சதை உப்பி, வெயில் படும்போது வெல்வெட் போல இருந்தது. சாமந்தி தன் கல்லை விட்டு ஒரு விரற்கடைகூட நகரவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதை எத்தனை முறை போய்ப் பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அடுப்பில் பால் பொங்கியிருக்கிறது.

பங்குனியில் ஒரு காலை, சற்று முன்னதாகக் கூடத்துக்கு வந்தேன். பக்கத்து ஆத்து மாமி தலையைக் குனிந்து நிற்க, என் மாமியார் தொட்டியிலிருந்து ஓர் உத்தரணி நீரை எடுத்து அவர் தலையில் தெளித்துக்கொண்டிருந்தார். பிறகு, காவேரியில் குளித்துவிட்டு வெள்ளிச் சொம்பில் கொண்டுவந்திருந்த தண்ணீரைத் தொட்டியில் விட்டார். முழுச் சொம்பும்.

“அம்மா, இதுல நல்ல தண்ணி விடப்படாது. செத்துடும்.”

“தீர்த்தப் பாத்திரம் கொறையப்படாதுடி. எடுத்தா விடணும். இது வந்த நாள்லேர்ந்து விட்டுண்டுதானே இருக்கேன்.”

“எடுக்கவும் வேண்டாம், விடவும் வேண்டாம்மா.”

அவர் காலிச் சொம்பைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, “படிச்சவ சொன்னா சரி,” என்று உள்ளே போய்விட்டார். பெரியவரிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோ, மாமி எதிரிலா சொல்ல வேண்டும் என்று நான் உழன்றேன். ஆனால் கடலில் காவேரியை ஊற்றலாமா? தொட்டியின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினேன். நீர் மட்டம் குறையும்போதெல்லாம், விவரம் தெரிந்தவளாக, ஊறுகாய் ஜாடியிலிருந்த கடல்நீரையே விட்டேன்.

சித்திரை வெயில் ஏறியது. சூடு தணிய, தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கைக் கட்டினேன். காற்றாடட்டும் என்று மேல் துணியையும் எடுத்துவிட்டேன். நீர் தினமும் விறுவிறுவென்று இறங்கியது. தினமும் கடல்நீரை விட்டு நிரப்பினேன்.

பவளம் சுருங்கத் தொடங்கியது. ஓரங்களில் சதை பின்வாங்கி, அடியிலிருந்த வெள்ளைக் கல் தெரிந்தது. சாமந்தி தன் கல்லை விட்டு இறங்கிவிட்டது. என் பென்சில் கோடுகள் ஒவ்வொரு நாளும் வலப்பக்கம் போயின. நடுவில் அடுக்கிய கற்களைத் தாண்டி, பவளத்துக்கு நாலு விரல் தூரத்தில் வந்து நின்றது. மேடம் சொன்னது சரி, ஒன்றை எடுத்தே ஆக வேண்டும் என்று நினைத்தேன். சாமந்தியைப் பிய்த்தால் அதன் பாதம் கிழிந்து செத்துவிடும். விட்டுவைத்தால் பவளம் போய்விடும். பரணிலிருந்து லேபிள் ஒட்டிய ஜாடியை இறக்கித் துடைத்து வைத்தேன். பென்சிலையும் பக்கத்தில் வைத்தேன்.

அப்போது குழந்தை தொட்டியில் கட்டியிருந்த சாக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். கண்ணாடி விளிம்பில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. அதைத் தடவி வாயில் வைத்தவள் முகத்தை அஷ்டகோணலாக்கினாள். பயந்து போய் அவள் விரலைத் துடைத்துவிட்டு, நானும் அதை நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. கட்டி உப்பு.

நேரே சமையலறைக்கு ஓடினேன். பால்காரரோடு தினமும் வழக்காட மாமியார் ஒரு லாக்டோமீட்டர் வைத்திருந்தார். பாலில் மிதக்கவிட்டால் தண்ணீர் கலந்த பாலில் அமிழும், நல்ல பாலில் உயர்ந்து நிற்கும். அதை முதலில் ஊறுகாய் ஜாடியில் இருந்த கடல்நீரில் விட்டேன். நல்ல பாலில் நிற்பதைவிடச் சற்றுத் தாழ்ந்து நின்றது. பிறகு தொட்டியில் விட்டேன். எருமைப் பாலில்கூட அது அவ்வளவு உயரத் தூக்கி நின்று நான் பார்த்ததில்லை.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் ஆவியாகப் போகும், உப்பு போகாது. வேதாரண்யத்து உப்பளம் பாடத்தில் சின்னக் குழந்தைகள் எழுதும் பதில். ஆவியாகிப் போனது நல்ல தண்ணீர். அதற்கு ஈடாக நான் மேலும் மேலும் உப்பைச் சேர்த்திருக்கிறேன். இரண்டு மாதம் அந்தத் தொட்டியைக் காப்பாற்றியது காலைதோறும் விழுந்த ஒரு சொம்புக் காவேரி. அதை நிறுத்தியவள் நான்.

மறுநாள் காலை மாமியார் ஆற்றிலிருந்து வரும்வரை வாசலில் நின்றேன்.

“அம்மா, இன்னிலேர்ந்து நீங்களே தீர்த்தம் விடுங்கோ.”

“ஏன்டி, செத்துடும்னியே?”

“நீங்க விட்டதுனாலதான் உசிரோட இருந்திருக்கு. உப்பு ஜாஸ்தியாயிடுத்து. தப்பு என்னோடதும்மா.”

“உன் படிப்புல இது வரலையா?”

“வந்தது. மறந்துபோயிட்டேன்.”

அவர் சிரிக்காமல் இருக்க முயன்றது தெரிந்தது. “போறது விடு. எத்தனை சொம்பு விடணும், அதைச் சொல்லு.”

ஒரே நாளில் மாற்றினால் அந்த அதிர்ச்சியிலேயே இரண்டும் போய்விடும். தொட்டியிலிருந்து தினமும் கொஞ்சம் உப்பு நீரை மொண்டு கொட்டுவது என் வேலை. சொம்புத் தண்ணீர் விடுவது அவர் வேலை. பால் வாங்கியதும் லாக்டோமீட்டரைக் கழுவித் தொட்டியில் விட்டுப் பார்ப்போம். “இன்னிக்கு எறங்கியிருக்கு,” என்று பால்காரரைப் பிடித்துவிட்ட குரலில் சொல்வார். மாமிகளுக்குத் தெளிக்க மட்டும் ஊறுகாய் ஜாடியில் கடல்நீரைத் தனியாக எடுத்து வைத்தேன்.

பத்து நாளுக்குள் கருவி கடல்நீரில் நின்ற இடத்துக்கு வந்துவிட்டது. சாமந்தி நின்றது; உப்பு தாங்காமல்தான் அது இடம் தேடி அலைந்திருக்கிறது. பிறகு ஒரு காலையில் என் கோடு இடப்பக்கம் விழுந்தது. அவசரமே இல்லாமல், வந்த வழியே தன் கல்லுக்குத் திரும்பிப் போய், விரல்களையெல்லாம் விரித்துக்கொண்டு உட்கார்ந்தது. வைகாசி முடிவதற்குள் பவளத்தின் வெள்ளை ஓரங்களில் நூலிழை அளவுக்குச் சதை ஏறியிருந்தது. ஆனியில் வெள்ளை தெரியவே இல்லை. முன்பு இல்லாத இடத்தில் ஒரு சிறு முடிச்சு கூட முளைத்திருந்தது. மாமியார்தான் முதலில் பார்த்தார். தெருவுக்கே சொல்லிவிட்டுத்தான் எனக்குச் சொன்னார்.

ஆடி பிறந்ததும் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் கல்லூரிக்குப் போனேன். மேடத்தின் மேஜைமேல் ஜாடியை வைத்தேன். அவர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

“என்னம்மா, காலியா இருக்கு?”

“போடறதுக்கு ஒண்ணும் இல்ல மேடம்.”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “எது தங்கிச்சு? சாமந்தியா?”

“ரெண்டும்.”

“ஒரே தொட்டியிலயா?”

“ஒரே தொட்டியில. பவளம் வளர்ந்திருக்கு மேடம்.”

அவர் மேஜைமேல் இருந்த தம்ளரில் விரலை நனைத்து, லேபிளின் ஓரத்தைத் தேய்த்துத் தேய்த்து உரிக்க ஆரம்பித்தார். “ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரேன்,” என்றார். “தண்ணிக்கு என்ன பண்ணினே, எல்லாம் எழுதி வை.”

“எழுதறேன் மேடம்,” என்றேன். “ஆனா எங்க மாமியாரைத்தான் நீங்க கேக்கணும்.”