பிரேக்குக்கு வைத்த கிரீஸ்

திருச்செங்கோட்டுப் பக்கத்தில் ரிக் லாரியில் போகாத ஆண்பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மாதேஸ்வரனும் போனார். முப்பது வருடத்துக்கு மேல் ஒடிசா, ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் என்று ஊர் ஊராக போர்வெல் போட்ட மனுஷர். பொங்கலுக்கும் மாரியம்மன் நோம்பிக்கும் வருவார், தின்ற சோறு செரிப்பதற்குள் கிளம்பிவிடுவார். இங்கே இருந்த மூன்று ஏக்கர் வெள்ளாமைக் காட்டைக் கட்டி ஆண்டது அவர் மனைவி சௌந்திரம்தான்.

ரிக்கை விட்டு ஊரோடு வந்த மாதேஸ்வரனுக்கு எழுபதைத் தாண்டியதும் மூட்டு மக்கர் செய்தது. போன ஐப்பசியில் குச்சிக்கிழங்குக் காட்டு வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, தகடு வைத்தார்கள். அப்புறம் மாதக்கணக்கில் வாசலைத் தாண்டவில்லை. கைத்தடி ஈர மண்ணில் புதைந்தது. ஆஸ்பத்திரியில் வாங்கிய வாக்கரின் குட்டிச் சக்கரம் முதல் கல்லிலேயே நின்றுகொண்டது.

சேலம் அஸ்தம்பட்டியில் குடியிருக்கும் மகன் நவீன்குமார், கல்லு மண்ணு எல்லாவற்றிலும் போகிற புது வாக்கர் ஒன்றைக் காரில் கொண்டுவந்து இறக்கினான். காற்றடித்த நாலு பெரிய சக்கரம், சைக்கிளுக்கு இருப்பது போலக் கைப்பிரேக், களைத்தால் உட்கார ஒரு சீட்டு. கூடவே ஒரு கண்டிஷனும் இறங்கியது.

“அப்பா, இதுல நல்லா நடங்க. ஆனா இன்னொருக்கா உழுந்தீங்கன்னா ரெண்டு பேரையும் அஸ்தம்பட்டிக்குக் கூட்டிட்டுப் போயிருவேனுங்க. அப்பறம் காடாவது கரடாவது.”

மகனின் அந்த மூன்றாவது மாடி வீடு மாதேஸ்வரனுக்கு ஜெயில் மாதிரி. சௌந்திரத்துக்கோ அது சொர்க்கம். லிஃப்ட் உண்டு, சாணி அள்ள வேண்டாம், பேத்தி மோனிஷா மடியிலேயே கிடப்பாள். இதுவும் மாதேஸ்வரனுக்குத் தெரியும்.

புது வண்டிக்குப் பூஜை போடாமல் நகர்த்துகிற வழக்கம் அந்த ஊரில் கிடையாது. சந்தனம் குங்குமம் வைத்தார்கள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து மாதேஸ்வரன் தள்ளினார். வண்டி பழத்தின் மேல் ஏறாமல் பழத்தை உருட்டிக்கொண்டு போனது.

“ஏனுங்க, ரிக் லாரின்னு நெனச்சுட்டீங்களா? மேல உட்காருங்க, பாரம் ஏறுனாத்தான் நசுங்கும்” என்றார் சௌந்திரம். பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் செருகி, மாதேஸ்வரனைச் சீட்டில் உட்கார வைத்த பிறகுதான் பூஜை முடிந்தது.

எல்லாம் சரி, பிரேக்கைப் பிடித்தால் கீச்சென்று கத்தியது. ரிக்கில் எது கத்தினாலும் கிரீஸ்தான் மருந்து. மாதேஸ்வரன் டிரைவராக இருந்திருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பார். அவர் துளை போடுகிற டிரில்லர். பழைய டப்பாவைத் தேடியெடுத்து, கத்துகிற இடமாகப் பார்த்து பிரேக் கட்டையில் வழித்து அப்பினார். சத்தம் நின்றது. மனுஷருக்குப் பரம திருப்தி.

மறுநாள் காலை, இரண்டு பக்கமும் வேலி அடைத்த இட்டேரி வழியாகக் காட்டுக்குக் கிளம்பினார்கள். கல்லுக்கும் முள்ளுக்கும் வண்டி அசரவே இல்லை. மாதேஸ்வரனுக்குச் சின்னப் பிள்ளை போலச் சந்தோஷம். கிணற்று மேட்டிலிருந்து சரிவில் இறங்கும்போது பிரேக்கைப் பிடித்தார். பிடித்தது பிடித்தபடி இருக்க, வண்டி பாட்டுக்கு அவரை இழுத்துக்கொண்டு ஓடியது.

“சௌந்திரம், ஓடுதுடி!”

கூடையோடு முன்னால் போன சௌந்திரம் கூடையை வீசிவிட்டுத் திரும்பி, வண்டியை அப்படியே நெஞ்சில் தாங்கினார். வண்டி நின்றது. மாதேஸ்வரன் சீட்டின் மேல் கவிழ்ந்து கிடந்தார், ஆனால் விழவில்லை. சௌந்திரத்தின் முழங்கை வேலியில் உரசி ரத்தம் கசிந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே பிரேக் கட்டையைத் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

“பிரேக்குக்குக் கிரீஸ் வெச்ச மகராசன் இந்த ஒலகத்துல நீங்க ஒருத்தருதானுங்க.”

அந்த நேரம் பார்த்து நவீன்குமாரின் போன் வந்தது. மாதேஸ்வரன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னால் போதும், சாயங்காலமே கார் வந்து நிற்கும். சௌந்திரம் ஆசைப்பட்டதும் அதைத்தானே.

“நல்லா நடக்கறாருடா சாமி. காட்டுக்கே வந்துட்டோம். நீ வேலையப் பாரு” என்று போனை வைத்தார் சௌந்திரம்.

“ஏம்புள்ள சொல்லலே? உனக்கு அங்க போகோணும்னு ஆசைதானே?”

“ஆசைதானுங்க.” சௌந்திரம் காய்ந்த மண்ணை அள்ளிக் கட்டையில் தேய்த்து, முந்தானையால் துடைத்தார். “நீங்க ஊரூராப் போயி போர் போட்டீங்க. நான் இந்தக் காட்ட ஒத்தையிலயே சுத்துனேன். இப்பத்தான் கூட நடக்க ஆள் கெடச்சிருக்குது. கொஞ்ச நாளைக்கு நடந்து பாக்கறேனுங்க.”

மாதேஸ்வரன் மனசுக்குள் வாழ்த்தினார். வண்டி வாங்கித் தந்த மகன் நன்றாக இருக்கட்டும், அதைச் செய்த முகம் தெரியாத ஆளும் நன்றாக இருக்கட்டும். இவளுக்கு என்ன செய்து தீர்ப்பது என்றுதான் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியைப் பிடித்து எழுந்து நின்றார்.

“நீ எந்தப் பக்கமாச் சுத்துவே?” என்று கேட்டார்.

அவருடைய சொந்தக் காடுதான், ஆனால் முழுசாகச் சுற்றி வந்ததில்லை. சௌந்திரம் கிழக்கு வரப்பைக் காட்டினார்.