தக்காளிக்கும் இருட்டு வேண்டும்

கனகம்மாசத்திரம் போகும் வழியில் எங்கள் வீட்டை ஒட்டிய நிலத்தில் கணவர் பசுமைக்குடில் போட்டார். ஐப்பசி மழையில் வாரக்கணக்கில் வெயில் வராது, தக்காளிச் செடி வெளிறி நீண்டுவிடும் என்று ஊதா வெளிச்சம் தரும் எல்இடி விளக்குகளையும் ஆள் வைத்து மாட்டினார். விடிகாலை நான்கு மணிக்குப் போட வேண்டும், இரவு எட்டுக்கு அணைக்க வேண்டும் என்று விளக்கு மாட்டியவர் தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனார். இரண்டாம் வாரமே, விளக்கைத் தானாகப் போட்டு அணைக்கும் டைமர் பழுதானது. அணைக்கும் வேலை, கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கும் என்னிடம் வந்தது.

முதல் நாள் ஸ்விட்சில் கை வைத்ததுமே மாமியார் தடுத்தார்.

"விளக்கு வச்சப்புறம் வீட்டுப் பொம்பள கையால அணைக்கலாமா? அதுவும் கிருத்திகை நாள்ல."

"அத்தை, இது சாமி விளக்கு இல்லைங்க. செடிக்கு."

"செடி மட்டும் நம்ம வீட்டுது இல்லியா? பச்சப்புள்ளய வச்சிக்கினு இருக்கிற, யோசிச்சிக்கோ."

குழந்தையைச் சொன்னால் போதும், நான் அடங்கிவிடுவேன். அது அவருக்குத் தெரியும். கிருத்திகை போனது, வெள்ளி வந்தது, பிறகு விளக்கு அணையவே இல்லை. கணவரிடம் சொன்னேன்.

"தாவரவியல் படிச்சவதானே நீ? வெளிச்சம் அதிகமானா காய் அதிகம். இதுகூடத் தெரியாதா?"

எனக்குத் தெரிந்தது வேறு. தினமும் சில மணி நேரம் இருட்டு இல்லாவிட்டால் தக்காளி இலை மஞ்சளாகிவிடும். படித்ததுதான். ஆனால் படித்தது தக்காளியைப் பற்றித்தானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. விளக்கை எரியவிட்டேன்.

விளக்கு அணையாத மூன்றாம் வாரம் நரம்புகளுக்கு நடுவே இலைகள் மஞ்சளித்தன. "நீ உரத்தைச் சரியா கலக்கல" என்றார் கணவர். மெக்னீசியம் கரைத்துத் தெளித்தேன். புதிதாக வந்த இலையும் மஞ்சள். முதல் கொத்துப் பழங்கள் எலுமிச்சை அளவுதான், காம்பைச் சுற்றிச் சிவக்கவே இல்லை. மாமியார் ரசம் வைத்துவிட்டு, "இது தக்காளியா? வெறுந்தண்ணி" என்றார்.

அன்று எட்டு மணிக்கு அவர் பார்க்கவே அணைத்தேன். "பாவம் வந்தா எனக்கு வரட்டும் அத்தை" என்றேன். சொன்ன பிறகு உள்ளே ஓடி, குழந்தையின் நெற்றியை மூன்று முறை தொட்டுப் பார்த்தேன். திரும்பி வந்தபோது கணவர் மறுபடி போடப் போனார்.

"பத்து நாள் விடுங்க. புது இலை மஞ்சளாவே வந்தா நானே போடுறேன்."

புது இலைகள் பச்சையாக வந்தன. பழுத்த இலைகள் தேறவில்லை. முதல் காய்ப்பில் பாதி வீண்.

அடுத்த மாதம் பொதட்டூர்பேட்டையிலிருந்து உறவினர்கள் வந்தார்கள். நான் டீ கொண்டுபோனபோது கணவர் குடிலைக் காட்டிக்கொண்டிருந்தார். "தக்காளிக்கு இருட்டும் வேணும் மாமா. அனுபவத்துல தெரிஞ்சிகினேன்."

"ஆங், எம்புள்ளதான் கண்டுபிடிச்சான்" என்றார் மாமியார்.

"அணைக்கக் கூடாதுன்னு சொன்னது யாருங்க அத்தை?" என்று கேட்டேன்.

மாமியார் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கணவர் மாமாவுக்குச் சொட்டுநீர்க் குழாயைக் காட்டத் தொடங்கினார்.