எவர்சில்வர் டம்ளரும் என் வலது கையும்

என்னோடு மோத ஆள் கிடைக்காததால் கிடைத்த ஒரு கோப்பையை வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துப் பயந்துதான் யாரும் மோத வரவில்லை என்று நம்பிப் பல வருஷம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்த மடையன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருகிற மடத்தனமெல்லாம் இந்தத் தாய்க்குப் பிறந்த பிள்ளைகள்தான்.

மதுரையில் கல்லூரி படிக்கும்போது குத்துச்சண்டைப் போட்டி வைத்தார்கள். எங்கள் பக்கத்துப் பையன்கள் கருவேலங்குச்சிக்குச் சட்டை மாட்டியது மாதிரி இருப்பார்கள். நானோ அருப்புக்கோட்டையில் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் விற்கிற கடைக்காரர் மகன். மாட்டுக்கு எடை போட்டதில் பாதியை மகனுக்கே போட்டுவிட்டாரோ என்று பார்த்தவர்கள் சந்தேகப்படுகிற உடம்பு. கடைத் தராசில் என்னை ஒரு தட்டிலும் உளுந்து மூட்டையை மறு தட்டிலும் வைத்தால் மூட்டை மேலே போகும். ஆக, ஹெவிவெயிட் என்ற பிரிவில் என்னைத் தவிர வேறு ஆளே இல்லை. மேடை ஏறினேன். நடுவர் என் கையைத் தூக்கிக் காட்டினார். இறங்கினேன். கோப்பை கொடுத்தார்கள்.

அப்பா அதைக் கல்லாவுக்கு மேலே வைத்து, சாக்கு தைக்கிற கோணி ஊசிகளை அதற்குள் போட்டு வைத்தார். ஆயுத பூஜைக்கு மட்டும் ஊசிகளைக் கொட்டிவிட்டுச் சந்தனம் வைப்பார்.

எண்பதுகளின் கடைசியில் எனக்குப் பெண் பார்த்தார்கள். திருச்சுழியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற குடும்பம். கோயிலில் தற்செயலாகச் சந்திப்பது போல ஏற்பாடு. எங்கள் வழக்கத்தில் அந்தத் தற்செயலுக்கு நாள், நேரம் எல்லாம் பஞ்சாங்கம் பார்த்துத்தான் குறிப்பார்கள். நான் பிரகாரத்தில் அவளைப் பார்த்தபடியே நடந்து ஒரு தூணில் போய் இடித்துக்கொண்டேன். அவள் சிரித்தாள். பக்கத்தில் நின்ற அவள் அக்கா சிரிக்கவில்லை. எனக்கு அந்தச் சிரிப்பு போதுமாயிருந்தது. கட்டினால் இவளைத்தான் கட்டுவது, இல்லாவிட்டால் புண்ணாக்கு மூட்டையோடு மூட்டையாக இருந்துவிடுவது என்று தூணருகிலேயே முடிவு செய்துவிட்டேன்.

தரகர் வந்து, அவுக வீட்டில் முக்கால்வாசி சம்மதம் என்றார். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மிச்சமிருக்கும் கால்வாசியையும் வாங்கிவிடலாமே என்று, நான் குத்துச்சண்டை சாம்பியன், ஒரே குத்தில் ஆளைச் சாய்ப்பேன் என்று அங்கே போய்ச் சொல்லச் சொன்னேன். தரகர் தொழில் சுத்தமானவர். கூடவே ஒரு கடா மாட்டையும் சாய்த்ததாகச் சொல்லிவிட்டு வந்தார்.

அதோடு திருச்சுழி வாயை மூடிக்கொண்டது. கேட்டால், யோசிக்கிறாகளாம். பையன் கோபக்காரனா என்று மட்டும், முக்கியமாக அந்த அக்கா, திரும்பத் திரும்ப விசாரித்தார்களாம். வேறு எவனாக இருந்தாலும் அந்தக் கேள்வியிலேயே விஷயத்தைப் பிடித்திருப்பான். நான் வேறு மாதிரிப் பிடித்தேன்: சாம்பியன் என்று சொன்னதை அவர்கள் நம்பவில்லை. நம்ப வைக்க வேண்டும்.

அந்தச் சமயம் பார்த்து ஊரில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். ராட்டினம், மரணக் கிணறு, டெல்லி அப்பளம் எல்லாம் வழக்கம் போல. புதிதாக ஒரு குத்துச்சண்டை மேடை. காரியாபட்டிக்காரர் ஒருவர் காண்ட்ராக்ட் எடுத்திருந்தார். டிக்கெட் வாங்கி மேடை ஏறி, மணி அடிக்கும்வரை அவருடைய ஆளோடு நின்றுவிட்டால் ஒரு எவர்சில்வர் டம்ளர். மெட்ராசிலிருந்து நிஜமான குத்துச்சண்டைக்காரர் ஒருவரைக் கூட்டி வந்திருந்தார். முதல் நாள் பந்தல்குடி லாரி டிரைவர் ஒருவர் மீசையை முறுக்கிக்கொண்டு ஏறினார். ஒரு குத்து. அவரை நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் மேடையைச் சுற்றி நல்ல கூட்டம், ஏறத்தான் ஒரு ஆள் இல்லை. அதற்கு மறுநாள் கூட்டமும் இல்லை. எல்லாரும் அப்பளக் கடையில் நின்றார்கள்.

பொருட்காட்சிக் குதிரைக்குக் கொள்ளு வாங்க எங்கள் கடைக்கு வந்த காண்ட்ராக்டர் இதைச் சொல்லி அழாத குறை. சொல்லிக்கொண்டே கல்லாவுக்கு மேலே பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். மேலிருந்து கீழே, மறுபடி கீழிருந்து மேலே.

அன்று சாயங்காலமே, மெட்ராஸ்காரருக்குப் பதிலாக நிற்க முடியுமா என்று என்னை மேடையில் ஏற்றிப் பரீட்சை வைத்தார். மெட்ராஸ்காரர் கையை விரித்துக் காட்ட, நான் என் பலத்தையெல்லாம் திரட்டிக் குத்தினேன். அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, குத்தியாச்சா என்று பணிவாகக் கேட்டார். போச்சு என்று நினைத்தேன். காண்ட்ராக்டர் முகத்தில் அப்போதுதான் வெளிச்சம் வந்தது.

"அண்ணாச்சி, ஒரே குத்துல சாய்க்கிறவன் அய்யனார் சாமி மாதிரி. தூரத்துல நின்னு கும்புட்டுட்டு அவனவன் வீட்டுக்குப் போயிருவான். நீங்க கோயில் யானை. பாத்தா பயமா இருக்கணும், பக்கத்துல வந்தா தொட்டுப் பாக்கத் தோணணும். டிக்கெட்டு அதுக்குத்தான் விக்கும்."

அவர் சொன்னது நடந்தது. முதலில் ஏறியவர் பாளையம்பட்டி டவுன் பஸ் கண்டக்டர். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். நான் நாலு குத்து விட்டபின் ஒரு கையை எடுத்தார். இன்னும் நாலு விட்டபின் இரண்டையும் எடுத்துவிட்டு, கூட்டத்தில் நின்ற தன் சேக்காளியிடம் கடைசி பஸ்ஸைப் பற்றி ஏதோ கேட்டார். மணி அடித்தது. ஊரே எழுந்து கை தட்டியது. அந்த உடம்புக்கு எதிரே அந்த ஆள் நின்றுவிட்டாரே!

இங்கேதான் காண்ட்ராக்டரின் மூளையைப் பாராட்ட வேண்டும். எங்கள் பக்கம் வீட்டுக்கு வருகிற பாத்திரத்தில் பேர் வெட்டாமல் விடமாட்டார்கள். கரண்டியில்கூடத் தாத்தா பேர் இருக்கும். அவர் மேடைக்குப் பக்கத்திலேயே பேர் வெட்டுகிற மிஷினைக் கொண்டுவந்து போட்டார். ஜெயித்தவன் பேர், ஊர், அதன் கீழே 'குத்துச்சண்டையில் வென்றது'. அவ்வளவுதான். வரிசை ராட்டினத்தைத் தாண்டிப் போனது. ஒரு டம்ளர் வாங்கியவன் ஜோடிக்கு இன்னொன்று வேண்டுமென்று திரும்பி வந்தான். ஒரே வீட்டு அண்ணனும் தம்பியும் பாகத் தகராறு வராமலிருக்க ஆளுக்கொன்று வாங்கிப் போனார்கள். ஒருவர் கையில் தூக்குவாளியோடு வந்து, இதிலும் அதையே வெட்டித் தரமுடியுமா, இன்னொரு தடவை வேண்டுமானாலும் நிற்கிறேன் என்றார். அப்பா கடையில் உட்கார்ந்துகொண்டு, மகனால் ஊருக்கு உபகாரம் நடப்பது இதுதான் முதல் தடவை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

சாம்பியன் என்று நிரூபிக்க ஏறினேன். இப்போது தாலுகா முழுக்க என்னை ஜெயித்ததற்கு எவர்சில்வரில் அத்தாட்சி இருக்கிறது. இந்த டம்ளர்களில் ஒன்று திருச்சுழிக்குப் போனால்?

டம்ளர் போகவில்லை. திருச்சுழியே வந்துவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் கூட்டத்தில் பார்த்தால் அவள் நிற்கிறாள். பக்கத்தில் அக்கா, அக்கா இடுப்பில் கைக்குழந்தை. மேடை ஏறுவதற்காக வரிசையில் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நிற்பது அவளுடைய அண்ணன். ஒல்லியான மனிதர். கண்ணாடியைக் கழற்றித் தங்கையிடம் கொடுத்துவிட்டு நின்றார்.

காண்ட்ராக்டரிடம் ஓடினேன். இவர் ஒருத்தரை மட்டும் நாக் அவுட் பண்ணிக்கிறேன், என் வாழ்க்கையே இதில்தான் இருக்கிறது என்றேன். வருங்கால மைத்துனனை மல்லாக்கப் போட்டால் பெண் கொடுப்பார்கள் என்று கணக்குப் போட்ட தலை, உலகத்தில் என்னுடையது ஒன்றுதான் இருக்கும்.

காண்ட்ராக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம் அண்ணாச்சி. ஒருத்தன் விழுந்தா மொத்த வரிசையும் அப்பளக் கடைக்குப் போயிரும்."

மணி அடித்தது. அண்ணன் கண்ணாடி இல்லாததால் என் பக்கத்துக் கம்பத்தைப் பார்த்துக் கும்பிட்டார். நான் குலசாமியை நினைத்துக்கொண்டு, வலது கையை ராட்டினம் மாதிரிப் பின்னால் கொண்டுபோய், அவர் கன்னத்தில் ஒன்று விட்டேன். என் வாழ்நாளின் ஆகப் பெரிய குத்து அது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அவளுடைய அக்கா குழந்தையின் முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டதைப் பார்த்தேன்.

அண்ணன் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். "மச்சான், ஆரம்பிக்கலாம்ல?" என்றார்.

மச்சான் என்றது காதில் விழுந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷத்தில் இரண்டாவது குத்தை இன்னும் வேகமாக வீசினேன். அவர் விலகக்கூட இல்லை. குத்துதான் அவரை விட்டு விலகிப் போனது. கூடவே நானும் போனேன். ஒரு முழுச் சுற்று சுற்றி, கயிற்றில் இடுப்பு மாட்டி, மேடைக்கு வெளியே தலைகீழாகத் தொங்கினேன். லாரி டிரைவருக்குப் பிறகு அந்தப் பொருட்காட்சியில் நடந்த ஒரே நாக் அவுட். குத்தியதும் நான், விழுந்ததும் நான்.

தலைகீழாகத் தொங்கியபடி பார்த்தேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறாள். அவளாவது பரவாயில்லை. கோயிலில் உம்மென்று நின்ற அந்த அக்கா, குழந்தையைத் தங்கை கையில் கொடுத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரிக்கிறாள். சரி, கல்யாணப் பேச்சு அவ்வளவுதான், இனி மூட்டைதான் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை கடை திறக்கும்போது தரகர் வெற்றிலை பாக்கோடு நின்றார். முழுச் சம்மதமாம். கூடிய சீக்கிரம் முகூர்த்தம் வைக்க வேண்டுமாம். எப்படி என்று கேட்டேன். ஜாதகம் பேசுகிறது என்றார்.

சீர்ப் பாத்திரங்களை வரிசையாகப் பரப்பி வைத்திருந்தபோது, அண்டாவுக்கும் குத்துவிளக்குக்கும் நடுவே அந்த டம்ளரும் இருந்தது. மைத்துனர் பேர், திருச்சுழி, குத்துச்சண்டையில் வென்றது. மொய் எழுத வந்தவர்களில் பாதிப் பேர் அதே டம்ளர் வைத்திருந்தவர்கள். ஆளாளுக்கு எடுத்துப் பார்த்துத் தங்கள் வீட்டில் எழுத்து இன்னும் ஆழமாக வெட்டியிருப்பதாகச் சொன்னார்கள்.

தொண்ணூறுகளில் கேபிள் டி.வி. வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சில சமயம் அமெரிக்கக் குத்துச்சண்டை போடுவார்கள். மைத்துனர் திருச்சுழியிலிருந்து பஸ் ஏறி வந்துவிடுவார். இடி மாதிரிக் குத்துகிற ஆள் வந்தால் டீ வருவதற்குள் சண்டை முடிந்துவிடும். பஸ்ஸுக்குக் கொடுத்தது தண்டம் என்று மைத்துனர் முனகுவார். மலை மாதிரி உடம்பும் மயிலிறகு மாதிரிக் குத்துமாக ஒருவன் வந்தால்தான் எங்களுக்குக் கொண்டாட்டம். பன்னிரண்டு ரவுண்டும் ஓடும். ஒவ்வொரு ரவுண்டு முடிவிலும் சோப்பு, பற்பசை, மோட்டார் சைக்கிள் எல்லாம் வந்துவிட்டுப் போகும். கடல் கடந்தும் எவனோ ஒரு காரியாபட்டிக்காரன் உட்கார்ந்து தொழில் பண்ணுகிறான் என்று நினைத்துக்கொள்வேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏழாவது ரவுண்டோ எட்டாவதோ, அவள் டீ கொண்டுவந்து வைத்தாள். எனக்கு எப்போதும் அந்த டம்ளரில்தான். வெட்டிய எழுத்து என் பக்கம் திரும்பியிருக்கும்படி வைப்பாள். எனக்குள்ளிருந்த பழைய சாம்பியன் அன்றைக்கு லேசாக எழுந்து உட்கார்ந்தான். அத்தனை பேர் பார்க்கத் தலைகீழாகத் தொங்கியவனை எதைப் பார்த்துச் சரி என்று சொன்னாய் என்று கேட்டேன். உடம்பா, படிப்பா, அந்தக் கோப்பையா என்று நானே விடைகளையும் எடுத்துக் கொடுத்தேன்.

அவள் காலித் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போகிற போக்கில் சொன்னாள்:

"நீங்க அடிச்சா வலிக்காதுன்னு அண்ணன் சொன்னாக."