ஒன்றரை நிமிட டிரம்பெட்

சிடி வெளிவந்த வாரம், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ரெக்கார்டிங் கடையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் குடி முழுகிப்போன மாதிரி சண்டை போட்டோம். எங்கள் ஊர் மெல்லிசைக் குழு ஒன்றின் பழைய மேடைக் கச்சேரியை மதுரையில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து, இரைச்சலை எடுத்து, கம்ப்யூட்டரில் சுத்தம் செய்து சிடியாகப் போட்டிருந்தார்கள். வெளியூர்க்காரர்களுக்கு அதில் ஒன்றுமில்லை. எங்களுக்கு அந்தக் குழு என்றால் உயிர். மற்ற குழுக்கள் சினிமாப் பாட்டோடு நிறுத்திக்கொள்ளும். இவர்கள் எலெக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும் அதிர, சொந்தமாகப் போட்ட ஒரு பாட்டைக் கடைசியில் வாசிப்பார்கள். அதன் நடுவில் ஒன்றரை நிமிடம் டிரம்பெட் தனியாக வரும். அதைக் கேட்பதற்காகவே சாணார்பட்டிப் பக்கத்துத் திருவிழாக்களுக்கெல்லாம் சைக்கிளில் டபுள்ஸ் மிதித்துப் போயிருக்கிறோம்.

சிடியில் அந்த இடத்தில் டிரம்பெட் இல்லை. புதிதாக வாசித்த கிட்டார் இருந்தது.

கிட்டார் வாசித்தவர் குழுவின் தலைவர். பேகம்பூரில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்தார். எங்களுக்கெல்லாம் அவர் பாய். டிரம்பெட் வாசித்தவர் சர்ச் பேண்டில் பழகி வந்தவர், சிடிக்கு மூன்று வருடம் முன்பு மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். அதற்கும் பல வருடம் முன்பே இருவரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். ஒரு மேடையில் யார் பெயரை முதலில் சொல்வது என்று ஆரம்பித்த தகராறு அது.

"செத்த மனுசன வெட்டி எறிஞ்சுட்டு, அந்த எடத்துல தன்னோட கிட்டார ஒட்ட வச்சிருக்காருய்யா" என்றார் எங்களில் மூத்தவரான பி.டி. வாத்தியார்.

கடைக்காரர் பாய்க்காகப் பரிந்து பேசினார். "ஏப்பு, மாஸ்டர் கேசட்டுல அந்த எடம் சத்தமில்லாம கெடக்குன்னு அவரு அப்பவே வந்து சொன்னாருல்ல?"

"சொல்லுவாரு. அம்புட்டுப் பாட்டும் நல்லா இருக்குமாம், அந்த ஒன்னரை நிமிசத்த மட்டும் எலி தின்னுருச்சாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாய் அந்த மாஸ்டர் கேசட்டை வெளியே கொடுத்தது ஒரே ஒரு முறை, எனக்குத்தான் என்பது கடையில் எல்லோருக்கும் தெரியும்.

"நீ வாங்கிட்டுப் போனப்ப அது இருந்துச்சா, இல்லையா?" என்றார் வாத்தியார்.

"முழுசா இருந்துச்சு" என்றேன்.

அது பொய்யில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாங்கிக்கொண்டு போனபோது முழுசாகத்தான் இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில், எனக்கு இருபத்திரண்டு வயது. அந்தக் கேசட்டுக்காகப் பாயை இரண்டு வருடம் நச்சரித்தேன். கடைசியில் ஒரு வாரத்துக்குக் கொடுத்தார். "காப்பி எடுக்கக் கூடாது, தம்பி. காப்பி ஒன்னு வெளிய போனா நூறா ஆயிரும்" என்றார். சத்தியம் செய்தேன். வீட்டுக்கு வந்ததும் அண்ணனின் டபுள் டெக் டேப் ரெக்கார்டரில் போட்டு முதல் வேலையாகக் காப்பி எடுத்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். எனக்கு அப்போது மேடையில் அறிவிப்பாளராக வேண்டும் என்று ஒரு கிறுக்கு. ஒரு காலி கேசட்டில் என் குரலைப் பதிந்து பார்க்க ஆசைப்பட்டேன். எல்லாக் கேசட்டும் ஒரே கம்பெனி, எதிலும் பெயர் எழுதவில்லை. பதிவு அழியாமலிருக்க மாஸ்டர் கேசட்டின் மேல்விளிம்பில் இருக்கும் பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுவார்கள், பாய் உடைக்கவில்லை. டிரம்பெட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பதற்காக அதே இடத்தில் நிறுத்தி வைத்திருந்த மாஸ்டரைத்தான் காலி கேசட் என்று நினைத்துப் போட்டேன். மைக்கைப் பிடித்துக்கொண்டு, "பெரியோர்களே, தாய்மார்களே" என்று தொண்டையைக் கனைத்து, விழாக் கமிட்டிக்கும் மைக்செட்காரருக்கும் நன்றி சொல்லி, ஒன்றரை நிமிடம் முழங்கினேன். திருப்பிப் போட்டுக் கேட்டால் என் குரல். என் குரல் முடிந்ததும் டிரம்பெட்டின் கடைசி மூன்று ஸ்வரம்.

மூளை அப்போதுதான் நன்றாக வேலை செய்தது. காப்பியிலிருந்து திருப்பி ஏற்றினால் ஒட்டுப்போட்டது காதுக்குத் தெரிந்து, காப்பி எடுத்த கதையும் வெளிவரும். மைக்கைப் பிடுங்கிவிட்டு அதே இடத்தில் மறுபடி பதிவைப் போட்டு, என் குரலை அழித்தேன். முதல் தடவை அழித்ததைக் கைப்பிசகு என்று யாரும் மன்னிப்பார்கள். இரண்டாம் தடவை அழித்ததற்கு எனக்கு இன்றுவரை நல்ல பெயர் ஒன்றும் கிடைக்கவில்லை.

கேசட்டைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன். பிடிபடுவேன் என்று தினமும் எதிர்பார்த்தேன். அந்த மாதமே டிரம்பெட்காரர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டுப் போனார். அவர் வாசிப்பைக் கேட்கப் பிடிக்காமல் பாய் கேசட்டைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார். நண்பர்கள் இருவர் பிரிந்ததற்கு ஊரில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நான்தான்.

சிடி போடுவதற்கு இரண்டு மாதம் முன்பு பாய் ரெக்கார்டிங் கடைக்கு வந்தார். ஸ்டுடியோவில் போட்டபோதுதான் அந்த இடம் வெறுமையாக இருப்பது தெரிந்திருக்கிறது. "யாராச்சும் கமுக்கமா காப்பி எடுத்து வச்சிருந்தாச் சொல்லுங்கப்பா. சத்தியமாக் கோவிச்சுக்க மாட்டேன். அவரு வாசிச்சது அது ஒன்னுதான் பதிவாகியிருக்கு. அவரு சம்சாரம், அந்தத் தங்கச்சியும் கேட்டுக்கிட்டே இருக்கு" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "நீ திருப்பிக் கொடுக்கையில நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார்.

"நல்லா இருந்துச்சு, பாய்."

காப்பி என் பீரோவில், வேட்டிகளுக்கு அடியில் இருந்தது. அதை எடுத்து நீட்டினால் நான் சத்தியத்தை மீறியது தெரியும். என் காப்பியில் இருப்பது மாஸ்டரில் எப்படி இல்லாமல் போனது என்று அடுத்த கேள்வி வரும். வாயை மூடிக்கொண்டேன். சிடி வந்த பிறகு வாயைத் திறந்தேன், வாத்தியாரைவிடச் சத்தமாக. "இன்னொரு டிரம்பெட்காரர வச்சு வாசிக்கச் சொல்லியிருக்கலாம்ல? இவரு கிட்டார எதுக்குத் திணிக்கணும்?" என்று கேட்டவன் நான். இறந்தவர் பெயரில் வேறொருவர் ஊதுவது தப்பு என்று பாய் நினைத்திருக்கலாம் என்று கடைக்காரர் சொன்னதையும் நான்தான் கேலி பண்ணி அடக்கினேன்.

பேச்சு ஊரில் பரவியது. நான் சொன்ன "முழுசா இருந்துச்சு" தான் எல்லோருக்கும் சாட்சி. ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் வைத்தே பாயிடம் யாரோ கேட்டுவிட்டார்கள். அந்த வருடம் சர்ச் திருவிழாவுக்குப் பாயின் குழுவைக் கூப்பிடவில்லை. அடுத்த வருடம் குழுவே இல்லை.

மனசாட்சி உறுத்தியதால் நாலு வருடம் கழித்துப் பாய் வீட்டுக்குப் போனேன் என்று எழுத ஆசைதான். நடந்தது வேறு. வீட்டு டேப் ரெக்கார்டர் ஒரு நாள் வேறொரு கேசட்டை மென்று நாடாவைக் கந்தலாக்கிவிட்டது. பீரோவில் இருந்த காப்பிக்கும் அந்தக் கதி வந்தால் அந்த டிரம்பெட் உலகத்திலேயே இல்லாமல் போகும் என்ற பயத்தில்தான் போனேன்.

பாய் கேசட்டைப் போட்டு அந்த இடத்தை முழுவதும் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், இரண்டாம் தடவை அழித்தது உட்பட. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான்தான் அழிச்சுட்டேன்னு நெனச்சேன், தம்பி" என்றார். "அவரு போன புதுசுல ஒரு நா கோவத்துல அந்தக் கேசட்ட எடுத்துப் போட்டேன். செத்த நேரம் ஓடுச்சு, கேக்க முடியல, படக்குனு ஒரு பட்டன அமுக்கிட்டு எந்திரிச்சு வெளிய போயிட்டு வந்தேன். எந்தப் பட்டன அமுக்குனேன்னு ஞாபகமில்ல. நீ நல்லா இருந்துச்சுன்னு சொன்னியா, அப்ப நான்தான்னு முடிவு பண்ணிட்டேன். அந்தத் தங்கச்சி வீட்டுக்குப் போயி, கோவத்துல உன் புருசன் வாசிச்சத அழிச்சுட்டேன்மான்னு சொல்லி மன்னிப்புக் கேட்டேன். போகட்டும்ணேன்னுச்சு."

அவர் செய்யாத காரியத்துக்கு, இறந்துபோன நண்பனின் மனைவி முன்னால் போய்த் தலைகுனிந்து நின்றிருக்கிறார். நிற்க வைத்தது என் இரண்டு வார்த்தை.

"ஞாயித்துக்கிழமை அங்க போவோம். இதப் போட்டுக் காட்டுவோம். நீயே ஒரு வார்த்த சொல்லிரு" என்றார்.

"வாரேன், பாய்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துச் சட்டை மாற்றி, வாசல்வரை வந்தேன். அந்த அம்மா முகத்தைப் பார்த்து எப்படித் தொடங்குவது என்று யோசித்தேன். சட்டையைக் கழற்றிவிட்டு, தலைவலி என்று வீட்டில் சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

பாய் தனியாகப் போயிருக்கிறார். அங்கே நடந்ததை ரெக்கார்டிங் கடைக்காரர்தான், அந்த அம்மா சொல்லக் கேட்டு, பிறகு என்னிடம் சொன்னார். பாட்டு முடியும்வரை அந்த அம்மா டேப் ரெக்கார்டர் மேலேயே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். இத்தனை நாள் இது எங்கே இருந்தது என்று கேட்டதற்குப் பாய், "என் வீட்டுப் பொட்டியிலதாம்மா கெடந்துச்சு, நான்தான் ஒழுங்காத் தேடாம விட்டுட்டேன்" என்றாராம். அந்த அம்மா அதற்கும் அவரை மன்னித்திருக்கிறார்.